குழந்தையின்மை: பரிசோதனை இருவருக்கும், பழி மட்டும் பெண்ணுக்கா?

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவுக்குள் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறி ஒரு கும்பல் திரண்டது. உணவகமும் நகரின் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்தபோது, அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிய வந்தது. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகிலேயே கிடையாது.

அடுத்த ஆண்டு மே மாதம் குருநாகலில் இதைவிடப் பெரிய புயல் வீசியது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு சிங்கள நாளிதழ் எழுதியது. வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் கூறியது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. நீதிமன்றம் அவரை முற்றாக விடுவித்தது 2025 இல்தான்.

இவ்விரண்டு சம்பவங்களின் பின்னாலுள்ள இனவாத அரசியலைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். பேசாத விடயம் ஒன்று இருக்கிறது. இப்படியொரு பொய்யை அத்தனை பேர் ஏன் நம்பினார்கள்? ஒரு பெண்ணுக்குக் குழந்தை தங்காமல் போவதற்கான காரணங்கள் எவை, அதை எப்படிக் கண்டறிவது என்பது பெரும்பாலானோருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பழி சுமத்த ஓர் ஆள் தேவைப்படுகிறது. அன்று அந்த ஆள் ஒரு வைத்தியர். நம் வீடுகளில் அந்த ஆள் மருமகள்.

வவுணதீவிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வரும் படுவான்கரைத் தமிழ்ப் பெண்ணும், காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ வரும் முஸ்லிம் பெண்ணும் இந்த விடயத்தில் ஒரே வாங்கில்தான் அமர்ந்திருக்கிறார்கள். நம் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். உம்மாவின் வீட்டிலேயே இருந்தும் பெண் இந்தப் பேச்சிலிருந்து தப்புவதில்லை. "இன்னும் ஒன்றுமில்லையா?" என்ற கேள்வி கலியாண வீட்டிலும் மையத்து வீட்டிலும் அவளிடம்தான் கேட்கப்படுகிறது. "மலடி" என்ற சொல் எல்லோருடைய வாயிலும் இருக்கிறது. ஆணைக் குறிக்கும் சொல் அகராதியில் மட்டும் இருக்கிறது.

மருத்துவம் சொல்வது வேறு. கருத்தடை எதுவுமின்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் அதைக் குழந்தைப்பேறின்மை என்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2023 அறிக்கைப்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது இதை எதிர்கொள்கிறார். ஏறக்குறைய பாதித் தம்பதியரில் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. எனவே மனைவியை மட்டும் வைத்தியரிடம் அனுப்புவது பாதிப் பரிசோதனைதான்.

எப்போது போக வேண்டும்? பெண்ணுக்கு 35 வயதுக்குக் குறைவென்றால் ஓராண்டு முயன்ற பிறகு. 35 ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்தில். மாதவிடாய் ஒழுங்கற்று வந்தாலோ, கடும் வலி இருந்தாலோ, முன்பு வயிற்றிலோ கருப்பையிலோ சத்திரசிகிச்சை, கிருமித்தொற்று ஏற்பட்டிருந்தாலோ காத்திருக்கவே தேவையில்லை.

முதலில் செய்ய வேண்டியது கணவனின் விந்துப் பரிசோதனை. இதில் ஊசியில்லை, வலியில்லை, செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஒரு தடவை குறைவாக வந்தால் அதுவே தீர்ப்பல்ல. காய்ச்சல்கூட முடிவை மாற்றிவிடும் என்பதால் சில வாரங்கள் கழித்து மீண்டும் செய்வார்கள். மாதிரி எடுக்கும் முறை பற்றி மார்க்க ரீதியான தயக்கம் இருப்பவர்கள் அதைக் காரணம் காட்டி ஒதுங்காமல் ஆலிம் ஒருவரிடம் கேட்டுக் கொள்ளலாம்.

பெண்ணின் பரிசோதனைகள் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகின்றன. முட்டை வெளியாகிறதா, குழாய்கள் திறந்திருக்கின்றனவா, கருப்பை சீராக இருக்கிறதா?

முட்டை வெளியாவதை அறிய புரொஜெஸ்ட்டரோன் என்ற ஹோர்மோனை இரத்தத்தில் அளப்பார்கள். இதை "21 ஆம் நாள் பரிசோதனை" என்று எல்லோரும் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. 28 நாள் சுழற்சி உள்ளவருக்குத்தான் 21 ஆம் நாள் சரி. அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஏழு நாட்களுக்கு முன் எடுக்க வேண்டும் என்பதே விதி. 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர் 28 ஆம் நாள் எடுக்க வேண்டும். நாள் தவறினால் நல்ல முட்டையும் இல்லாததாகவே அறிக்கையில் தெரியும். அதனால் மாதவிடாய்த் திகதிகளைக் குறித்து வைப்பது பணம் செலவில்லாத முதல் பரிசோதனை. தேவையைப் பொறுத்து தைரொயிட், புரொலக்டின் அளவுகளையும், மாதவிடாயின் முதல் சில நாட்களில் வேறு சில ஹோர்மோன்களையும் பார்ப்பார்கள்.

ஏ.எம்.எச். என்ற பரிசோதனை இப்போது பேசப்படுகிறது. அது சூலகத்தில் மிச்சமிருக்கும் முட்டைகளின் அளவைத்தான் ஓரளவு காட்டும். இயற்கையாகக் கரு தங்குமா என்பதை அது சொல்லாது. அந்த எண்ணைப் பார்த்து ஒருவர் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

கருப்பையையும் சூலகங்களையும் ஸ்கேன் காட்டும். குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்பதை அறிய எச்.எஸ்.ஜி. எனும் எக்ஸ்ரே பரிசோதனை உண்டு. கருப்பை வாய் வழியாகச் சாயத்தைச் செலுத்தி, அது குழாய்களின் வழியே போகிறதா என்று பார்ப்பார்கள். மாதவிடாய் நின்ற பின், முட்டை வெளியாகும் முன் இதைச் செய்வார்கள். சிறிது நேரம் வயிறு பிடித்து இழுக்கும். குருநாகலில் எழுந்த குற்றச்சாட்டும் இந்தக் குழாய்களைப் பற்றியதுதான். குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதை வதந்தியால் அறிய முடியாது, பரிசோதனையால்தான் அறிய முடியும். அடைபட்டிருந்தாலும் பழைய கிருமித்தொற்று போன்ற காரணங்கள் பல உள்ளன.

படுவான்கரையில் வயல் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு கிளினிக்கும் ஒரு நாள் சம்பளம். அப்படியிருக்க, கணவனின் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளி, பெண்ணை மட்டும் வருடக்கணக்காக அலைய வைப்பது அநியாயம். முதற் படியாக ஊரின் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பேசலாம். எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால், வைத்தியர் மாறும்போது அதே பரிசோதனைக்கு மீண்டும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பெண் வைத்தியர் வேண்டுமென்றால் தயங்காமல் கேட்கலாம்.

சிகிச்சை என்று வரும்போதும் வழி அடைபட்டதல்ல. 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, மூன்றாம் நபரின் விந்தோ முட்டையோ கருப்பையோ கலக்காமல், கணவன் மனைவிக்குள் மட்டும் நடக்கும் செயற்கைக் கருத்தரிப்பைத் தேவையின்போது அனுமதித்தது. ஸகரிய்யா நபி முதுமையிலும் பிள்ளை கேட்டு துஆ செய்தார். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

நிகாஹ் வேளையில் மாப்பிள்ளைக்கு எத்தனையோ உபதேசம் சொல்கிறோம். பிள்ளை தாமதமானால் முதலில் நீ பரிசோதனைக்குப் போ என்ற ஒரு வார்த்தையையும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் அதில் சேர்த்துக் கொள்ளட்டும். ஆதாரமில்லாமல் ஒரு வைத்தியரைக் குற்றவாளியாக்கியபோது நாம் நீதி கேட்டோம். ஆதாரமில்லாமல் ஒரு மருமகளைக் குற்றவாளியாக்கும்போதும் அதே நீதியைக் கேட்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.