‘கைபடாத இயற்கை’ என்னும் பொய்

மூணாறு போய்வரும் நம் கல்லூரித் தோழர்களின் ஸ்டேட்டஸில் ஒரு சொல் தவறாமல் வருகிறது: ‘மனிதக் கை படாத இயற்கை’. அம்பத்தூர் புகையிலும் ஆவடி நெரிசலிலும் கிடப்பவர்களுக்குப் பச்சையைப் பார்த்தால் மனம் குளிரும். அதில் குற்றமில்லை. அந்தச் சொல்தான் பொய்.

இரவிகுளம் தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 97 சதுர கிலோமீட்டர் சோலையும் புல்வெளியும். வரையாடு, குறிஞ்சி, ஆனைமுடிச் சிகரம். 1978இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் வேட்டைக்காடாகவும் இருந்தது. முதுவர்கள் அவர்களுக்குக் காவலாட்கள். கீழே தெரியும் பச்சை மெத்தை தேயிலை. நட்டதும் கிள்ளுவதும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலிக் குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள். அந்தக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அதுவும் தீண்டாமைதான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, பூங்காவை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். மின்சாரமும் போனும் இல்லாததால் வெளியே தெரிந்ததே மறுநாள் காலையில்தான். அன்று மாலை கோழிக்கோட்டில் விமான விபத்து. அங்கே இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு 5 லட்சம். தேயிலை கிள்ளியவரின் உயிர் பாதி விலை.

தலைமுறை தலைமுறையாக உழைத்தும் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்கு அஞ்சியே பிள்ளைகளில் ஒருவர் அதே வேலைக்குள் தள்ளப்படுகிறார்.

‘அப்படியானால் காட்டை அழிக்கச் சொல்கிறீர்களா?’ என்று சூழலியல் நண்பர்கள் பாய்வார்கள். வரையாட்டின் புல்வெளியில் ஒரு பிடி மண்கூட யாரும் கேட்கவில்லை. கம்பெனியின் கையிலிருக்கும் பல்லாயிரம் ஏக்கரில், சரியாத இடத்தில், பட்டாவோடு ஒரு வீடு கேட்கிறோம். வரையாடு குட்டி போடும் காலத்தில் பூங்காவையே மூடுகிறார்கள், நல்லது. லயத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அந்த அக்கறையில் பாதியாவது வேண்டாமா?

2015இல் போனஸைக் குறைத்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ‘பெம்பிளை ஒருமை’ப் பெண்கள் மூணாறையே முடக்கினார்கள், வென்றார்கள். அவர்களுக்கு வழிகாட்ட நாம் தேவையில்லை. கூட நிற்கத்தான் வேண்டும்.

2018இல் பூத்த குறிஞ்சி இனி 2030இல் பூக்கும். அதைப் பார்க்கப் போவதற்குள், லயங்களுக்குப் பட்டா என்பதைக் கேரள அரசிடம் நாமும் உரக்கக் கேட்போம் தோழர்களே.