அட்வெஞ்சர் பைக் வாங்கப் போறீங்களா? ஷோரூமுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டருக்குப் போங்க!

"கண்ணு, வழியில நின்னு போச்சுன்னா யாரைக் கூப்புடுவ?"

நாமக்கல்லில் இருக்கும் என் சித்தப்பா, மகனிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். தம்பி புதிதாக அறிமுகமாகியிருந்த அட்வெஞ்சர் பைக் ஒன்றுக்கு புக்கிங் தொகை கட்டிவிட்டு, அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்திருந்தான். இன்ஜின் எத்தனை சிசி, எவ்வளவு பவர், சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்கும், திரையில் கூகுள் மேப் தெரியுமா என எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் இல்லை.

"அக்கா, நீ ஆன்லைன்லதானே வேலை பாக்குற... அப்பாகிட்ட நீயே சொல்லு" என்று எனக்கு போன் போட்டான். சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தேடித் தேடிப் படித்து, இரண்டு மெக்கானிக் அண்ணன்களிடம் பேசி முடித்தபோது, நான் சித்தப்பா கட்சிக்கு மாறியிருந்தேன்.

சும்மா ஆபீஸ் போய்வரும் பைக் நின்றால், தள்ளிக்கொண்டு போய்விடலாம். அட்வெஞ்சர் பைக்கை நாம் வாங்குவதே மெக்கானிக் இல்லாத இடங்களுக்குப் போவதற்காகத்தான். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் நடுவில் ஓரிடத்தில் இன்ஜின் அணைந்தால், கிட்டத்தட்ட 200 கிலோ எடையுள்ள வண்டியை எந்தப் பக்கம் தள்ளுவது? லாரியை முந்தும்போது அணைந்தால் என்ன ஆவது? சித்தப்பாவின் கேள்வியில் இருந்தது கஞ்சத்தனமில்லை மக்களே, பயம்.

முதல் பேட்ச் என்னும் பரிசோதனைக்கூடம்

புது மாடலை ஒரு நிறுவனம் எவ்வளவுதான் சோதித்தாலும், சில குறைகள் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டும்போதுதான் வெளியே வரும். ஒரு உதாரணம். ராயல் என்ஃபீல்டு 2021 செப்டம்பரில் புதிய கிளாசிக் 350-ஐ அறிமுகப்படுத்தியது. அதே டிசம்பரில் 26,300 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பின்பக்க பிரேக் சம்பந்தப்பட்ட ஒரு பிராக்கெட்டில் பிரச்னை. எந்த வண்டிகள் தெரியுமா? செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரானவை. அதாவது, ஆசையாக முதலில் வாங்கியவர்களின் வண்டிகள்.

அட்வெஞ்சர் வகையிலேயே பார்ப்போம். 2016-ல் முதல் ஹிமாலயன் வந்தபோது, இந்த விலையில் இப்படியொரு வண்டியா எனப் பலரும் கொண்டாடினார்கள். கூடவே ஆரம்பகால உரிமையாளர்களிடமிருந்து புகார்களும் வரிசையாக வந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், ஏபிஎஸ், பி.எஸ். 6 என்று அந்த வண்டி மாறிக்கொண்டே வந்தது. பின்னாளில் லடாக் வாடகைக் கடைகளில் வரிசையாக நிற்கும் வண்டியும் அதுதான். பெயர் ஒன்றுதான், ஆனால் 2016-ல் வாங்கியவரின் அனுபவமும் 2021-ல் வாங்கியவரின் அனுபவமும் ஒன்றல்ல. பிறகு 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450, லிக்விட் கூலிங்குடன் முழுக்கப் புதிய இன்ஜின் கொண்டது. பெயரின் அனுபவம் பழையது. இன்ஜினின் அனுபவம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

அதனால், "அந்த கம்பெனி வண்டி நல்லா உழைக்கும்" என்று பொதுவாகச் சொல்வதில் பெரிய அர்த்தமில்லை. எந்த இன்ஜின், எந்த வருஷம், அறிமுகமாகி எத்தனை மாதம் என்றுதான் கேட்க வேண்டும்.

அதேசமயம், 'ரீகால்' என்ற வார்த்தையைக் கேட்டதும் அலறவும் வேண்டாம். குறையை ஒப்புக்கொண்டு, இலவசமாகச் சரிசெய்துகொடுக்கும் நிறுவனம், மூடி மறைக்கும் நிறுவனத்தைவிட எவ்வளவோ மேல். திரும்ப அழைக்கப்பட்ட மாடலை வாங்குவதென்றால், நம் வண்டிக்கு அந்த வேலை முடிந்துவிட்டதா என்று சேஸிஸ் நம்பரை வைத்துக் கேட்டால் போதும்.

ஊரைப் பொறுத்தது உழைப்பு

இன்னொரு சம்பவம் எனக்குப் புதிதாக இருந்தது. 2020-ல் இங்கிலாந்து, ஐரோப்பா, கொரியாவில் ஹிமாலயன் உள்ளிட்ட 15,000-க்கும் அதிகமான ராயல் என்ஃபீல்டு பைக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. காரணம், பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு. அது பிரேக் காலிப்பரை அரித்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு ஊரில் பிரச்னை தராத பாகம், இன்னொரு ஊரில் தரும்.

எனவே ஐரோப்பிய விமர்சகர் புகழ்ந்த வண்டி, ராமேஸ்வரத்து உப்புக்காற்றிலும், மே மாத வேலூர் டிராஃபிக்கிலும், டிசம்பர் மழையிலும் எப்படி இருக்கும் என்பதை அந்தந்த ஊர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். யூடியூப் விமர்சனங்களும் அப்படித்தான். பெரும்பாலும் புத்தம் புது வண்டியை ஓரிரு நாள் ஓட்டிவிட்டுப் பேசுகிறார்கள். ஓட்டும் சுகத்தைப் பற்றி அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். 15,000-வது கிலோமீட்டரில் கோன்செட் என்ன ஆகும் என்று அவர்களால் சொல்ல முடியாது.

புகார்களைப் படிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். வண்டி நின்றுபோனவர் எழுதுவார், நிற்காதவர் ஓட்டிக்கொண்டிருப்பார். அதனால் புகார்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பாகம், வெவ்வேறு ஊர், ஒருவருக்கொருவர் தெரியாத உரிமையாளர்கள்... இப்படி ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், அதைக் கவனியுங்கள்.

ஸ்பேனர் போதாது, ஸ்கேனர் வேணும்

சித்தப்பாவின் ஸ்பிளெண்டர் நின்றால், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினால் ஓடிவிடும். பி.எஸ். 6 வந்த பிறகு வண்டிகளின் கதையே வேறு. எரிபொருள் செலுத்துவது, ஆக்ஸிஜன் அளவைப் பார்ப்பது என எல்லாவற்றுக்கும் சென்சார். வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து எச்சரிக்கும் ஓ.பி.டி. - 2 விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து அமலுக்கு வந்தன. விலை கூடிய அட்வெஞ்சர் பைக்குகளில் ஆக்ஸிலரேட்டர் கேபிள்கூடக் கிடையாது. நாம் கையைத் திருகினால் மின்சார சிக்னல்தான் போகிறது.

இதெல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சென்சார் மக்கர் செய்தால், அதைப் படிக்கும் கருவி பெரும்பாலும் அந்த கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். எனவே சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம், அங்கே பாகம் கிடைக்குமா என்பதும் வண்டியின் உழைப்பில் சேர்த்திதான்.

கம்பெனியின் நிலைமையும் இதில் வருகிறது. ஹார்லி டேவிட்சன் 2020 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்துவதாக அறிவித்தபோது, அதை வைத்திருந்தவர்கள் கலங்கித்தான் போனார்கள். அடுத்த மாதம் ஹீரோவுடன் ஒப்பந்தம் வந்த பிறகே நிம்மதி. கே.டி.எம். நிறுவனம் 2024 நவம்பரில் ஆஸ்திரியாவில் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, 'நம்ம 390-க்கு பார்ட்ஸ் கிடைக்குமா' என்ற கவலை இங்கேயும் எழுந்தது. சின்ன கே.டி.எம்.கள் புனே அருகே சாக்கனில் பஜாஜ் தயாரிப்பவை என்பதால், இங்கே நிலைமை வேறு. பிறகு பஜாஜே நிதி கொடுத்து அந்த நிறுவனத்தைத் தாங்கிப்பிடித்தது. வண்டி எங்கே தயாராகிறது என்று தெரிந்துகொள்வது வீண் ஆராய்ச்சி இல்லை.

சேலத்தில் நாங்கள் பார்த்தது

தம்பி புக் செய்த கம்பெனிக்கு நாமக்கல்லில் ஷோரூம் உண்டு, முழு அளவிலான சர்வீஸ் சென்டர் சேலத்தில்தான். ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம். அதே மாடலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று முதல் சர்வீஸுக்கு வந்தது. இன்னொன்றின் சீட்டில் தூசி படிந்திருந்தது. "பார்ட்ஸ் வரணும் தம்பி, மூணு வாரமாச்சு" என்றார் அங்கிருந்த மெக்கானிக். அந்த வண்டிக்காரர் மாதத் தவணை கட்டிக்கொண்டுதானே இருப்பார்? தம்பி திரும்பி வரும்வரை பேசவே இல்லை.

நீங்களும் போங்கள். போய்க் கேட்க வேண்டியவை இவை:

1. இந்த மாடலுக்கு எந்தப் பாகம் அடிக்கடி மாற்றுகிறீர்கள்? (மேனேஜரைவிட மெக்கானிக்கிடம் கேட்பது நல்லது.)

2. கிளட்ச் லீவர், பிரேக் பேடு, முன் சக்கர ரிம் கையிருப்பில் இருக்கிறதா? ஆர்டர் போட்டால் எத்தனை நாள்?

3. ஸ்போக் வீல் என்றால் டியூப் உள்ளதா, டியூப்லெஸ்ஸா? டியூப் என்றால் மலைப்பாதையில் பஞ்சர் ஒட்ட சக்கரத்தையே கழற்ற வேண்டும்.

4. எக்ஸ்ட்ரா லைட், கிராஷ் கார்டு வெளியே போட்டால் வாரன்டி போய்விடுமா? வயரிங்கை வெட்டி லைட் மாட்டிவிட்டு, பிறகு மின் கோளாறுக்கு வாரன்டி கேட்டுச் சண்டை போடுபவர்கள் ஏராளம்.

5. வழியில் நின்றால் வந்து ஏற்றிப்போகும் உதவி எத்தனை கி.மீ. வரை? மலைக்கு வருமா?

ஐந்தாவதுதான் சித்தப்பாவின் கேள்வி.

பதிவுக்கு முன்னால் ஒரு மணி நேரம்

வாங்குவதென்று முடிவானால், ஆர்.டி.ஓ. பதிவுக்கு முன்பே உங்களுக்கான வண்டியை சேஸிஸ் நம்பரோடு காட்டச் சொல்லுங்கள். எப்போது தயாரானது என்று பாருங்கள். ஆயில் கசிவு, கூலன்ட் அளவு, ஸ்போக்குகளின் இறுக்கம், ஹேண்டில் பார் இரு பக்கமும் தடையில்லாமல் திரும்புகிறதா, எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணைகின்றனவா எனப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள டூவீலருக்கு ஆயுள் வரி 12%. 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40%. இவ்வளவையும் கட்டி உங்கள் பெயரில் பதிவான பிறகு, 'வேற வண்டி கொடுங்க' என்பது பெரிய போராட்டம்.

வண்டி கைக்கு வந்ததும் லடாக்குக்குக் கிளம்பாதீர்கள். முதல் சர்வீஸ் முடியும்வரை வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். பெரும்பாலான தயாரிப்புக் குறைகள் தலைகாட்டுவது இந்த நாள்களில்தான். அப்போது வண்டி வீட்டுப் பக்கத்தில் நிற்பது நல்லதுதானே?

குறை வந்தால் வாயால் சொல்லாதீர்கள்

"சொன்னேன் சார், பாத்துக்கலாம்னாங்க" என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஒவ்வொரு முறையும் குறையை ஜாப் கார்டில் எழுத வைத்து, நகல் வாங்குங்கள். அணைகிறது என்றால் வீடியோ எடுங்கள். கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது விபத்துக்கும் திருட்டுக்கும்தான், தயாரிப்புக் குறைக்கு இல்லை.

2021 ஏப்ரல் 1 முதல், ஒரே மாடலில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பாதுகாப்புக் குறை பற்றிய புகார்கள் சேர்ந்தால், திரும்ப அழைக்கும்படி அரசே உத்தரவிட முடியும். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமில்லாமல் வழக்குப் போடலாம். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஜாப் கார்டு நகல்கள்தான்.

சரி, தம்பி என்ன செய்தான்? புக்கிங்கை ரத்து செய்துவிட்டான். ஆசையை ரத்து செய்யவில்லை. எட்டு மாதம் பொறுத்து, அந்த மாடலை வாங்கியவர்கள் இரண்டாவது சர்வீஸ் முடித்த பிறகு, அவர்களில் நான்கு பேரிடம் பேசிவிட்டு வாங்குவதாகத் திட்டம். அதற்குள் முன்பணமும் கொஞ்சம் கூடச் சேரும், தவணை குறையும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஸ்பிளெண்டரிலேயே கொல்லிமலை ஏறியிருக்கிறான். மேலே நின்று போட்டோ எடுத்து, 'எழுபதும் முடிஞ்சது!' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். எல்லோரும் ஹார்ட் விட்டோம். சித்தப்பாவிடமிருந்து ஒரு வரி மட்டும் வந்தது.

"கிளட்ச் கேபிள் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு கண்ணு, பாத்து இறங்கு."