ஏலமலைச் சரிவும் தொலைபேசித் தொழிலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, தேனி மாவட்டத்தின்கண் அமைந்த போடிநாயக்கனூரை அறியாதார் நம் வாசகருள் மிகச் சிலரே யாவர். ஏலக்காய் வாணிகத்தால் பெயர்பெற்ற அவ்வூரிலே வைகறையில் வீதிக்கு வருவோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். ஆடவரும் பெண்டிருமாய்த் தொழிலாளர் பலர், கையில் தூக்குச் சட்டியுடன் ஜீப்பு வண்டிகளில் நெருங்கியமர்ந்து, போடிமெட்டுச் சாலையின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, உடும்பன்சோலை, பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய இடங்களிலுள்ள ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். காலையில் சென்றவர் அந்தியிலேயே மீள்வர். அவருள் பலரிடம் கைபேசி உண்டு; ஆயினும் மலையின் மடிப்புக்களிலே பல இடங்களில் அக்கருவி ஊமையாகி விடுகின்றது. வீட்டில் பிள்ளை நோயுற்றாலும், தோட்டத்தில் தாய் வழுக்கி விழுந்தாலும், ஒருவர் நிலை மற்றவர்க்குத் தெரிய மாலைவரை காத்திருக்க வேண்டியதே. சீனத்திற்கு அடுத்தபடியாக உலகில் மிகுதியான தொலைபேசிகளை உடைய நாட்டில் இந்நிலை தகுமா என்பதே யாம் ஈண்டு எழுப்பும் வினா.

முதற்கண் இத்தொழில் அடைந்துள்ள வளர்ச்சியை உள்ளவாறே ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். நம் நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் தேசம் முழுவதிலும் இருந்த தொலைபேசிகள் ஓர் இலட்சத்தை எட்டவில்லை. அதன் பின்னரும் நெடுங்காலம், விண்ணப்பமிட்டுப் பல்லாண்டு காத்திருத்தலே வழக்கமாயிருந்தது. 1984-இல் அரசாங்கத்தார் நிறுவிய சி-டாட் என்னும் ஆராய்ச்சி நிலையம், புழுதிக்கும் வெப்பத்திற்கும் ஈடுகொடுக்கும் சிறிய இணைப்பகங்களை நாட்டுப்புறத்திற்கென ஆக்கிற்று. கடைத்தெருக்களில் மஞ்சள் பலகை தாங்கிய பொதுத் தொலைபேசிச் சாவடிகள் பெருகின. 1995 ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு முதற் கைபேசி அழைப்புச் சென்றது. அந்நாளில் ஒரு நிமிடப் பேச்சிற்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்பை ஏற்றற்கும் பணம். 2003-இல் வரும் அழைப்பு இலவசமாயிற்று. 2024 மார்ச்சுத் திங்களில் நாட்டின் தொலைபேசி இணைப்புக்கள் ஏறத்தாழ 120 கோடி. ஒரு தலைமுறைக்குள் இத்துணை வளர்ச்சி கண்ட தொழில் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே.

ஆயின், மொத்தக் கணக்கு ஒரு திரை போன்றது. அதனை விலக்கிப் பார்த்தல் வேண்டும். அதே மார்ச்சுத் திங்களில் நகர்ப்புறத்தில் நூறு மக்களுக்கு 130-க்கு மேற்பட்ட இணைப்புக்கள் இருந்தன. நாட்டுப்புறத்திலோ 60-க்கும் குறைவு. ஓரிடத்தில் ஒருவர் இரு கருவிகளை வைத்திருக்க, மற்றோரிடத்தில் இருவர்க்கு ஒன்றாதல் வளர்ச்சியின் குறையன்றி வேறென்ன?

போடிநாயக்கனூரார்க்கு இதில் தனிப்பட்டதோர் அநுபவமும் உண்டு. தொலைபேசித் தொழிலுக்கென நாட்டைப் பல வட்டங்களாகப் பகுத்தபோது, மலைமுகடே தமிழ்நாட்டு வட்டத்திற்கும் கேரள வட்டத்திற்கும் எல்லையாயிற்று. ஆகவே காலையில் மெட்டைக் கடந்த கூலித்தொழிலாளி, தன் ஊரைக் கண்ணால் காணும் தொலைவில் நின்றும், தொலைபேசிக் கணக்கில் அயல்நாட்டுப் பயணியைப் போன்றவன் ஆயினான். தன் மனைவியின் அழைப்பை ஏற்றற்கும் கூலியில் ஒரு பங்கை இழந்தான். புதிய கம்பெனி யொன்று களத்தில் இறங்கிய 2016-க்குப் பின், போட்டி முற்றியபோதுதான் இக்கட்டணம் மறைந்தது. போட்டி எளியோர்க்கு உதவும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அப்போட்டியோ நாளுக்கு நாள் மெலிந்து வருகின்றது. ஒரு காலத்தில் ஒவ்வொரு வட்டத்திலும் பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் போட்டியிட்டன. 2012 பெப்ருவரி 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை இரத்துச் செய்தது. 2016-இல் ஜியோ தொடங்கிய விலைப்போரில் சிறியன வீழ்ந்தன. தமிழ்நாட்டிலே 1999-இல் தொழில் தொடங்கி நம் மக்களிடையே பெயர்பெற்ற ஏர்செல் 2018-இல் நொடித்தது. அவ்வாண்டிலேயே வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2019 அக்டோபரில் வருவாய்க் கணக்குப் பற்றிய தீர்ப்பு எஞ்சியோர்மீது பெருங்கடனைச் சுமத்திற்று. அக்கடனுக்கு ஈடாக, 2025-இல் வோடபோன் ஐடியாவில் ஏறத்தாழப் பாதிப் பங்கு அரசாங்கத்தார் வசமாயிற்று. இன்று தனியார் மூவரும் அரசினர் நிறுவனமாகிய பி.எஸ்.என்.எல்லுமே எஞ்சியுள்ளனர். 2024 ஜூலையில் தனியார் மூவரும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தினர். மலிவு விலையால் சந்தையைப் பிடித்து, போட்டியாளர் குறைந்தபின் விலையை ஏற்றுதல் வாணிகத்தின் பழைய வழக்கமே. அதற்கு வியத்தல் வேண்டா, விழித்திருத்தல் வேண்டும்.

இனி, மலைச்சரிவு புறக்கணிக்கப்படுவதன் காரணத்தை ஆராய்வோம். கைபேசி அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வன. குன்று குறுக்கிடின் அதன் பின்புறம் நிழல் விழும். சமவெளியில் ஒரு கோபுரம் ஆற்றும் பணிக்கு மலையில் பல கோபுரங்கள் வேண்டும். அவற்றிற்குச் சாலை, மின்சாரம், இழைக்கம்பி, வனத்துறையாரின் அநுமதி ஆகிய யாவும் வேண்டும். இத்துணைச் செலவு செய்தும், அச்சரிவில் வாழ்வோர் சிலரே. அவர் செலுத்துவதோ சிறுதொகை. ஆதலின் ஆதாயத்தையே அளவுகோலாகக் கொண்ட எந்தக் கம்பெனியும் அங்கே விரைந்து செல்லாது. இஃது எவருடைய கொடுமையும் அன்று, கணக்கின் விளைவே.

அவ்வாறாயின் விட்டுவிடலாமோ எனின், கூடாது என்போம். ஏலக்காயின் விலையையே எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் வரை ஏறிய விலை, மூன்றாண்டுக்குள் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தாரின் மின்னணு ஏலம் நடைபெறுகின்றது. அன்றைய விலையை அறியாத சிறு பயிர்செய்வோன் இடைத்தரகர் கூறும் விலைக்கே தலையசைக்க வேண்டியவனாகின்றான். ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர், 1997 முதல் 2001 வரை கேரளக் கடற்கரைக்குக் கைபேசி வந்த வரலாற்றை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். மீனவர் கடலிலிருந்தே விலை கேட்டறியத் தொடங்கியபின், துறைகளுக்கிடையே விலை வேற்றுமை சுருங்கிற்று; விற்காது வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லையாயிற்று; மீனவர் ஆதாயம் உயர, வாங்குவோர் விலையும் தாழ்ந்தது. ஏலக்காய் மீனைப்போல் அன்றே அழுகுவதன்று. ஆயினும் அறியாமையின் நட்டம் இரண்டிற்கும் ஒன்றே.

உயிரின் மதிப்போ விலையினும் பெரிது. 2018 மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் மாண்டதை நாம் மறத்தற்கில்லை. அத்தகைய மலையில் ஓர் அழைப்பு எட்டுவதும் எட்டாமையும் சிறு விஷயமன்று. மேலும் 2020-இல் பெருந்தொற்றால் கல்விச்சாலைகள் அடைபட்டபோது, பாடம் கைபேசி வழியே வந்தது. அலை எட்டாத வீட்டு மாணவனுக்கு அவ்வாண்டு பாடமே இல்லை. கல்லூரியில் கற்கும் நாம் இதனை எங்ஙனம் பொருட்படுத்தாது இருத்தல் கூடும்?

இதற்குப் பணம் எங்கே என வினவுவார் உளர். பணம் உண்டு. கம்பெனிகளின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து வீதம் நாட்டுப்புற சேவைக்கென 2002 முதலே ஒரு நிதிக்குப் பெறப்பட்டு வருகின்றது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் பெற்றது. 2022 ஜூலையில், அலை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாயில் ஒரு திட்டமும் ஏற்கப்பட்டது. இவை போற்றத்தக்கனவே. ஆயின் அளவுகோலில் ஒரு குறையைக் காண்கின்றோம். கிராமத்தை அலகாகக் கொண்டு எண்ணுமிடத்து, ஊரின் நடுவே அலை எட்டினால் ஊர் முழுவதும் எட்டியதாகக் கணக்காகும் அபாயம் உண்டு. தோட்டத்து லயன் வீடுகளும், தொழிலாளர் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளும், மலைச்சாலையின் வளைவுகளும் எக்கணக்கிலும் சேரா.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மலைப்பகுதியில் மக்கள் உழைக்கும் இடத்தையும் செல்லும் வழியையும் அலகாகக் கொண்டு நிதியைச் செலவிடல் வேண்டும். இரண்டாவது, பொதுப்பணத்தால் எழும் கோபுரம் எந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்க்கும் பயன்படல் வேண்டும். 2025 ஜனவரியில் இவ்வேற்பாடு அந்நிதியால் எழுந்த கோபுரங்களில் தொடங்கப்பட்டுள்ளது. அஃது ஏலமலைக்கும் விரைவில் எட்டுக. மூன்றாவது, பி.எஸ்.என்.எல் வலிமை பெறல் வேண்டும். உள்நாட்டிலேயே ஆக்கிய கருவிகளால் 2025 செப்டம்பரில் அது 4ஜி சேவையை நாடெங்கும் தொடங்கிற்று. தனியார் அதனை எய்திப் பல்லாண்டுகட்குப் பின்னரே என்பது வருந்தத்தக்கது. அதன் தாமதத்தைக் கண்டிப்போம்; ஆயினும் ஆதாயமற்ற இடத்திற்குச் செல்லும் கடமையுடைய ஒரு நிறுவனம் களத்தில் நிற்றல் எளியோர்க்கு அரணாகும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. எவ்விடத்தில் அலை எட்டும் என்பதைக் காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் வெளியிடல் வேண்டுமென ஒழுங்குமுறை ஆணையத்தார் 2024-இல் விதித்துள்ளனர். விடுமுறையில் ஊர் செல்லும் நீங்கள் அவ்வரைபடத்தைக் கையிற்கொண்டு உங்கள் மலைப்பாதையில் நடந்து பாருங்கள். படத்தில் வண்ணம் தீட்டியிருந்தும் கருவி ஊமையாயிருக்கும் இடங்களை நாளும் நேரமும் குறித்து எழுதி, ஆணையத்தார்க்கும் சட்டமன்ற உறுப்பினர்க்கும் அனுப்புங்கள். சான்றோடு கூடிய முறையீட்டை ஒதுக்குதல் அரிது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் செல்லும் இருப்புப்பாதை, அகலப்படுத்தும் பொருட்டு மூடப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின், 2023 ஜூனில் மீண்டும் இரயிலைக் கண்டது. அத்துணைக் காலம் இம்மலைமக்கள் தொலைபேசிக்கும் காத்திருத்தல் நியாயமன்று. மாலையில் வண்டி இறங்கி வரும்வரை செய்தியறியாது வாயிலில் நிற்கும் பிள்ளைக்கு, பகலிலேயே தாயின் குரல் கேட்கும் நாளே இத்தொழில் உண்மையில் வளர்ந்த நாளாம்.