தகப்பன் பெயரா, கணவன் பெயரா?

சென்ற மாதம் நமது சங்க அலுவலகத்திற்குக் கைக்குழந்தையோடும் ஒரு துணிப்பையோடும் ஒரு சகோதரி வந்தார். ஆலையில் வேலை பார்த்த கணவர் இறந்து ஏழு மாதமாகிறது. பையிலிருந்த காகிதங்களை மேசைமேல் பரப்பினால், அவர் ஒருவரே மூன்று பேராக இருந்தார். பள்ளிச் சான்றிதழில் தகப்பனாரின் முதலெழுத்தோடு ஒருவர், ஆதார் அட்டையில் கணவர் பெயரோடு இன்னொருவர், வங்கிப் புத்தகத்தில் வெறும் பெயரோடு மூன்றாமவர். மூன்று பேரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வரை பி.எப். பணம் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அந்த வழியில் வந்த நமக்குப் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் ஓர் எழுத்து போதும். ஆனால் பிழைக்க வந்த பம்பாயில் எந்த மேசைக்குப் போனாலும் முதல் கேள்வி, "ஆட்நாவ் காய்?" என்பதுதான். இல்லாத ஒன்றை எழுதச் சொன்னால் என்ன செய்வது? கன்னிப் பெண் தகப்பன் பெயரை எழுதுகிறாள். கல்யாணமானதும் அதை அடித்துவிட்டுப் புருஷன் பெயரை எழுதுகிறாள். விவரம் தெரியாத சிலர், பாட்டன் விட்டெறிந்த சாதிப் பெயரையே மறுபடி எடுத்து ஒட்டுகிறார்கள். இதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

மராத்திய மக்களின் ஆட்நாவ் தலைமுறை தலைமுறையாக வருவது. அவர்கள் வீட்டு மருமகள் அதை ஏற்றால் குடும்பம் முழுவதும் ஒரே பெயரில் நிற்கும். நம் கதை அப்படியா? முருகன் மனைவி செல்வி முருகன். மகன் குமார் முருகன். அவனுக்கு வாய்த்தவள் ராணி குமார். மாமியாருக்கு ஒரு பெயர், மருமகளுக்கு ஒரு பெயர். இதில் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? ஓர் ஆணின் பெயரை எடுத்துவிட்டு இன்னோர் ஆணின் பெயரை வைத்தோம், அவ்வளவுதான்.

திருமணமான பெண் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. பாஸ்போர்ட்டுக்காகக் கூட மாற்றத் தேவையில்லை என்று 2017 ஏப்ரலில் பிரதமரே அறிவித்தார். மகாராஷ்டிர அரசு, 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரோடு தாயின் பெயரையும் சேர்த்தெழுத வேண்டுமென்று முடிவு செய்தது. வரவேற்கிறோம். ஆனால் அதே முடிவில், மணமான பெண்ணுக்கு மட்டும் தன் பெயர், கணவர் பெயர், குடும்பப் பெயர் என்ற பழைய வரிசையே நீடித்தது. பிள்ளையின் பெயரில் தாய்க்கு இடமுண்டு, தாயின் பெயரில் அவளைப் பெற்றவளுக்கு இடமில்லை என்றால் இது என்ன நியாயம்?

பிரியப்பட்டுக் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பெண்ணை நாம் தடுக்கவில்லை. அது அவள் உரிமை. கேட்காமலே அவள் பெயரை மாற்றுவதைத்தான் எதிர்க்கிறோம். இதில் நம் கையும் சுத்தமில்லை. ரயில்வே குமாஸ்தாவாக உட்கார்ந்துகொண்டு, வந்த பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல், "வீட்டுக்காரர் பெயர்தானே?" என்று நாமே எத்தனை பாரங்களைப் பூர்த்தி செய்திருக்கிறோம்!

ஆகவே தாய்மார்களும் தோழர்களும் சில காரியங்களை உடனே செய்யவேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யவேண்டும் என்று 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரை மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பெண் முடிவு செய்யட்டும். எதை முடிவு செய்தாலும் ஆதார், பான், வங்கி, ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதுவே இருக்கட்டும். ஆதாரில் பெயரைத் திருத்த இரண்டே முறைதான் அனுமதி என்பதால் அவசரப்படாதீர்கள். பி.எப்.பில் கல்யாணத்துக்கு முன் கொடுத்த நியமனம் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும். புதிதாகக் கொடுக்கும்போது மனைவியின் பெயரை அவர் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். ஏற்கெனவே பெயர் வேறுபட்டிருந்தால், ஆள் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுங்கள். பிறகு அலைவது விதவையின் கால்கள்தான்.

அரசிடம் நாம் கேட்பது ஒன்றே: குடும்பப் பெயர் இல்லாத மக்களும் இந்த நாட்டில் உண்டு. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பாரத்தைத் திருப்பித் தள்ளாதீர்கள்.

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டைக் கூட்டுவோம். நமது சங்கத்தின் உறுப்பினர் ஏட்டில் பெண்கள் பலர் 'இன்னாரின் மனைவி' என்றே பதிவாகியிருக்கிறார்கள். அவர்களும் சந்தா கட்டுகிறார்கள், ஊர்வலத்தில் நம்மோடு வெயிலில் நடக்கிறார்கள். இந்த மாதத்திலிருந்து ஏடு புதிதாக எழுதப்படும். ஒவ்வொரு சகோதரியும் ஞாயிறு மாலை அலுவலகத்திற்கு வந்து, தம் பெயர் எப்படி இருக்கவேண்டும் என்று தாமே சொல்லி எழுத வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். அந்தத் துணிப்பைச் சகோதரியின் பெயர் முதல் வரியில் இருக்கும். அவருடைய பணம் கைக்கு வரும்வரை சங்கம் ஓயாது.