அறுப்பதற்கு முன் ஆராய்க

தொடையிலோ தோளிலோ வலியேதுமின்றித் திரண்டு, மாதத்துக்கு மாதம் பருத்துவரும் ஒரு கட்டியை, "வெறும் கொழுப்புக் கட்டிதான்" என்று அரைமணி நேரத்தில் அறுத்தெறிந்துவிட்டு, அறுத்த சதையைப் பரிசோதனைக்குக்கூட அனுப்பாமல் வீடு திரும்பும் வழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. பெரும்பாலான கட்டிகள் அபாயமற்றவை என்பது மெய்யே. தசை, கொழுப்பு முதலிய மென்திசுக்களில் இத்தகைய கட்டியாகத் தோன்றும் புற்றான மென்திசு சார்கோமா, பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றளவே. ஆயினும், 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதும் தசைக்குள் ஆழ்ந்ததும் வளர்ந்துகொண்டேயிருப்பதுமான கட்டியை, வலிக்கவில்லை என்பதற்காக (வலித்தால்தானே நாம் வைத்தியரைத் தேடுகிறோம்!) அலட்சியம் செய்வது விபரீதம். முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, பின்னர் தடித்த ஊசியால் சிறு துணுக்கெடுத்து ஆராய்ந்து, அந்த ஊசி நுழையும் இடத்தைக்கூட அறுவை செய்யப்போகும் நிபுணரே நிர்ணயிப்பதுதான் கிரமம். ஏனெனில், 50க்கு மேற்பட்ட உபபிரிவுகளையுடைய இந்நோயில், சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து ஒருசேர அகற்றாமல் கட்டியை மட்டும் தோண்டியெடுத்தால், மிஞ்சிய நோயணுக்கள் மீண்டும் தலைதூக்கக்கூடும். மறு அறுவையோ முன்னினும் பெரிதாகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு, கத்தி படுமுன்னரே நோயாளியை அனுப்பிவைப்பது உள்ளூர் வைத்தியருக்குக் கௌரவக் குறைவாகாது. ஏற்கெனவே அறுத்தாயிற்றென்றால், பரிசோதனைச் சீட்டோடு நில்லாமல், திசு பதித்த கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டே நிபுணரிடம் செல்லவேண்டும்.