ஒரு எக்ஸ்ரே கேட்டிருக்கலாமே, ஐயா!

சாயந்திரமானால் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறதா என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லையே, ஐயா! ராத்திரி தூக்கத்தில் அலறுகிறாளா, சோறு இறங்குகிறதா, ஏன் இப்படி இளைத்துப் போனாள்? எதையும் கேட்கவில்லை. குப்புறப் படுக்க வைத்தீர்கள். முதுகுத்தண்டைத் தடவினீர்கள், அழுத்தினீர்கள், இடுப்பைப் பிடித்து முறுக்கினீர்கள். 'பிளாக் இருக்கு, போகப் போக விட்டுடும்' என்று சொல்லி அடுத்த சிட்டிங்குக்கு நாள் குறித்தீர்கள். பணத்தை மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கினீர்கள்.

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் இட்லிக்கடை போட்டிருக்கிறவள் நான். பௌர்ணமிக் கூட்டத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. தீபம் முடிந்து மாசி வரைக்கும் ரமண நகர்ப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். அவர்களை நம்பிப் புதுப்புது போர்டுகளும் முளைக்கும். உங்கள் போர்டில் ஆஸ்டியோபதி என்று பெரிதாகப் போட்டு, முதுகுவலி, கழுத்துவலி, தலைவலி என்று எழுதி, அதற்கும் கீழே குழந்தைகளின் வயிற்றுப் பொருமல், காதுவலி, படுக்கையில் சிறுநீர் போவது என்று வரிசையாக இருந்தது. என் மாமியாரின் இடுப்புப் பிடிப்பு உங்கள் கையால்தான் விட்டது. அதை மறைக்க மாட்டேன். பெரியவர்களின் சாதாரண இடுப்புவலிக்கு அந்த வைத்தியம் கேட்கத்தான் செய்கிறது. அந்த நம்பிக்கையில்தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தோம்!

அவள் குனிய மாட்டாள். கீழே பென்சில் விழுந்தால் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி எடுப்பாள். பிறகு தொடையைப் பிடித்துப் பிடித்தே எழுந்திருப்பாள். உங்கள் அறையிலும் செருப்பை அப்படித்தான் எடுத்தாள். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். காலில் பலம் குறைந்து நடை தள்ளாடிய பிறகு போன ஆஸ்பத்திரியில், எலும்பு டாக்டர் ஒரு பேனாவைக் கீழே போட்டு எடுக்கச் சொன்னார். அவள் எடுத்து முடிப்பதற்குள் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிவிட்டார். அப்புறம் ஸ்கேன். முதுகெலும்பில் காசநோய். எலும்பு அரித்து, பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது.

அந்த எலும்பைத்தான் நீங்கள் முறுக்கினீர்கள்.

இருமல் இல்லை, சளி இல்லை. இட்லி சுடுகிறவளுக்கு அது காசநோய் என்று எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள். 'ஏம்மா இவ்வளவு லேட்டா கூட்டியாந்தே?' என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. உங்களை யாராவது கேட்டார்களா?

பிரிட்டனில் 1993-இலேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். பதிவு செய்யாதவர் ஆஸ்டியோபதி வைத்தியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பதிந்தவர்களும்கூடக் குழந்தைகளுக்கே உரிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 2016-இல் அங்கே வரையறுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பட்டம் வாங்குகிறவர்கள் மருந்தும் ஆபரேஷனும் படித்த முழு டாக்டர்கள். இங்கே தனியார் மருத்துவ நிலையங்களுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் வந்தது. அதற்கு விதிகள் வர 2018 ஆகிவிட்டது. என் இட்லிக்கடைக்கு லைசென்ஸ் எங்கே என்று கேட்க ஆள் வருகிறது. பிள்ளையின் முதுகை முறுக்குகிறவரிடம் படிப்பு என்ன என்று கேட்க ஒரு நாதி இல்லை!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், முதுகெலும்புக் காசநோயைப் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையாலேயே குணப்படுத்தலாம் என்று எப்போதோ காட்டிவிட்டது. இங்கிருந்து பஸ் ஏறினால் நாலைந்து மணி நேரம், அவ்வளவுதான் சென்னை. என் மகளும் மாத்திரை சாப்பிடுகிறாள், பெல்ட் போட்டுக்கொண்டு நடக்கிறாள். முதுகில் புடைத்த கூன் இனி நிமிராது என்று சொல்லிவிட்டார்கள். முன்னாலேயே வந்திருந்தால் அதுவும் வந்திருக்காதாம்.

தாய்மார்களே, பிள்ளை முதுகு வலிக்கிறது என்று நாள்கணக்கில் சொன்னால், ராத்திரி அழுதால், சாயந்திரம் காய்ச்சல் அடித்தால், எடை குறைந்தால், எந்தப் போர்டையும் நம்பி முதுகைப் பிடிக்கக் கொடுக்காதீர்கள். நேரே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காசநோய் என்றே ஆனாலும் அங்கே மாத்திரைக்கு ஒரு பைசா வாங்குவதில்லை.