திருவருட்பாப் பழம்படிகளும் நூற்கட்டு தரும் சான்றும்

ஓலைச்சுவடியை விவரிக்கும்போது தமிழாய்வாளர் காட்டும் நுணுக்கம் பெரிது. ஏட்டின் நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, துளை ஒன்றா இரண்டா, நாராசம் உள்ளதா, சட்டப்பலகை எம்மரத்தாலானது, கயிற்று நுனியில் கிளிமூக்கு எஞ்சியுள்ளதா என்பது வரை குறிப்பேறும். அதே ஆய்வாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுநூல் ஒன்றைக் கையிலெடுத்தால் தலைப்பு, பதிப்பாசிரியர், அச்சுக்கூடம், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார். அட்டை, தையல், முதுகு, வெற்றுத்தாள் ஆகியன அவர் கண்ணில் படுவதில்லை. ஒரே அச்சில் வந்த படிகள் யாவும் ஒன்றே என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். எழுத்தைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை ஓரளவு செல்லும். நூல் என்னும் பொருளைப் பொறுத்தவரை செல்லாது.

கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் தொடங்கி வடலூர், சிதம்பரம் வரையிலான ஊர்களில் இக்கருத்துக்கு மிகப் பொருத்தமான நூல் ஒன்று உண்டு. இராமலிங்க அடிகள் (1823 – 1874) மருதூரில் பிறந்து, கருங்குழியில் தங்கி, 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, மேட்டுக்குப்பத்தில் மறைந்தவர். அவர்தம் பாடல்களின் முதல் நான்கு திருமுறைகள், தொழுவூர் வேலாயுத முதலியாரின் வகுப்பு முறையில், தருமச்சாலை தோன்றிய அதே 1867-இல் அச்சேறின. ஐந்தாம் திருமுறை 1880-இல் வெளிவந்தது. ஆறாம் திருமுறை 1885-இல்தான் வந்தது. ஆக, ‘திருவருட்பா’ என்று இன்று ஒரே பெயரால் வழங்கும் நூல் பதினெட்டு ஆண்டு இடைவெளியில் பகுதி பகுதியாக வாசகர் கைக்குச் சென்றது. இந்த எளிய பதிப்பு வரலாற்றை அறியாத ஆய்வாளர் இலர். அது நூற்கட்டைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் கேட்டவரே அரியர்.

நெல்லிக்குப்பத்துப் பழைய வீடொன்றின் அலமாரியிலிருந்து தடித்த திருவருட்பாப் படி ஒன்று வெளிவருகிறது எனக் கொள்வோம். முதுகில் தோல், பக்கங்களில் துணி ஒட்டிய கெட்டி அட்டை. உள்ளே முகப்புப் பக்கத்தில் 1867. உரிமையாளர் அதனை ‘மூலக் கட்டோடு கூடிய முதற்பதிப்பு’ என்கிறார்; பழைய புத்தக வணிகரும் அதற்கேற்ப விலை சொல்கிறார். பின்பகுதியைப் புரட்டினால் 1880-க்குரிய ஐந்தாம் திருமுறையும் அதே தையலுக்குள் அமைந்துள்ளது. அவ்வாறாயின் அக்கட்டு 1880-க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. 1867-இல் முதல் வாசகர் கையில் ஏந்திய வடிவம் அதுவன்று. தாள் முதற்பதிப்பினது, கட்டு பதின்மூன்று ஆண்டாவது பிந்தியது. ஒரு நூலுக்கு இரு வயது இருக்கக்கூடும் என்பதே நூற்கட்டாய்வின் முதற்பாடம்.

‘மூலக் கட்டு’ என்னும் சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவில் அச்சுநூல் தோன்றி நெடுங்காலம் வரை நூல்கள் தைக்கப்படாத தாள்களாகவோ எளிய காகித உறையுடனோ விற்கப்பட்டன. வாங்கியவரே தம் வசதிக்கேற்பக் கட்டுவித்துக்கொண்டார். பதிப்பகமே ஒரே வகைத் துணிக்கட்டில் நூலை வெளியிடும் வழக்கம் இங்கிலாந்தில் 1820-களில்தான் வேரூன்றியது. அதன் பிறகே படிக்குப் படி கட்டு ஒத்திருத்தல் இயல்பாயிற்று. மைக்கேல் சாட்லியர் 1930-லும் ஜான் கார்ட்டர் 1932-லும் பதிப்பகக் கட்டுகளைப் பற்றி எழுதிய நூல்கள் இந்த மாற்றத்தைத் தனித்துறையாக்கின. தமிழ் அச்சுநூல்களுக்கு அவ்வளவுகோலை அப்படியே பொருத்துதல் தகாது. மெல்லிய காகித உறையோடு வெளிவந்த நூலை வாசகர் தம்மூரில் கட்டுவித்துக்கொள்ளும் வழக்கம் இங்கு நெடுநாள் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டில் ‘காலிகோ பைண்டு’ ஒரு விலை, ‘சாதா’ ஒரு விலை என விளம்பரங்கள் இரட்டை விலை சொன்னதை நினைவுகூரலாம். ஒரே பதிப்புக்கு இரு கட்டுகளும் மூலக் கட்டே.

ஆகவே வெளியீட்டுக் கட்டு, உடைமையாளர் கட்டு, நூலகக் கட்டு என மூன்றாகப் பிரித்துப் பேசுதல் நலம். வெளியீட்டுக் கட்டு என்பது நூல் விற்பனைக்கு வந்தபோது பெற்றிருந்த வடிவம். காகித உறை மட்டுமே ஆயினும் அதுவும் கட்டே. உடைமையாளர் கட்டு என்பது வாங்கியவரோ அவர் வழியினரோ செய்வித்தது. நூலகக் கட்டைப் பற்றி விளக்கம் வேண்டா. ஒரே நிற ரெக்சின் அட்டையில் வெள்ளை எண் எழுதிய வரிசைகளை அறியாத ஆராய்ச்சி மாணவர் இல்லை.

கண்டறியும் வழிகள்

இவற்றுள் எது எதுவென அறிய அரிய கருவிகள் வேண்டியதில்லை. தையலே முதற்சான்று. அச்சிட்ட தாளை மடித்த பாரங்களின் நடுமடிப்பில் ஊசி செலுத்தித் தைப்பது ஒரு முறை. எல்லாப் பாரங்களையும் அடுக்கி ஓரத்திலிருந்து சற்று உள்ளே துளையிட்டுக் குறுக்காகத் தைப்பது மற்றொரு முறை. இன்றைய நூல் முதல் முறையில் தைக்கப்பட்டிருக்க, ஓரத்தில் பயன்படாத பழந்துளைகள் வரிசையாக நின்றால், நூல் ஒருமுறையேனும் பிரித்துக் கட்டப்பட்டது உறுதி. துளைகள் ஒரே வரிசையாயின் முதற்கட்டு எனக் கருத இடமுண்டு. ஆயினும் அதனை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது, பழைய துளைகளிலேயே மீண்டும் தைக்கும் தேர்ந்த கைகளும் இருந்தன.

பூச்சியரிப்பு இன்னும் நேர்மையான சாட்சி. புழுத் துளை மேலட்டையில் தொடங்கி உள்தாள்கள் வழியே இடையறாது சென்றால், அட்டையும் தாளும் நெடுங்காலம் ஒன்றாயிருந்தன. உள்தாள் சல்லடையாகி அட்டை மட்டும் பழுதின்றி இருந்தால் அட்டை பின்னர் வந்தது. கட்டுபவர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது உண்டாதலால் பசை பட்ட இடத்தைப் பூச்சி தவிர்த்திருக்கவும் கூடும். அதனையும் நினைவிற்கொள்ள வேண்டும். முதல் உள்தாளில் படிந்த கறையின் வடிவம் இப்போதுள்ள அட்டையின் ஓரத்தோடு பொருந்துகிறதா என்பது மற்றொரு குறிப்பு. முதுகின் உட்புறம் வலுவுக்காக ஒட்டிய பழந்தாள் நாளிதழ்த் துண்டாகவோ கணக்குத் தாளாகவோ இருப்பதுண்டு. அதில் ஒரு தேதி தெரிந்தால், அத்தேதிக்கு முன் அக்கட்டு நிகழவில்லை என்று அறுதியிட்டுக் கூறலாம். கல்வெட்டாய்வில் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பதைவிட இது பலவேளை உறுதியானது.

வெட்டிய ஓரங்களைத் தனியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மறுகட்டும் நூலின் மூன்று ஓரங்களிலும் கத்தி வைக்கிறது. பாரக்குறிகள் போய்விடுகின்றன; ஓரக்குறிப்புகள் பாதியாகின்றன. திருவருட்பா போன்ற பாராயண நூலில் இழப்பு இருமடங்கு. தைப்பூசத்தன்று விளக்கின் முன் வைத்து ஓதப்பட்ட படியில் எண்ணெய்க் கறை எப்பதிகத்தில் மிகுந்துள்ளது, விரல் பட்டு மங்கிய கீழ்மூலை எத்திருமுறையினது, முன் வெற்றுத்தாளில் எக்குடும்பத்தின் பிறப்பும் திருமணமும் எழுதப்பட்டுள்ளன என்பன அந்நூல் எவ்வாறு வழங்கியது என்பதற்கு எஞ்சிய நேர்ச்சான்றுகள். பக்தி இலக்கிய ஏற்பு வரலாற்றை எழுத விரும்புவோர் இவற்றை விட்டு வேறெங்கு செல்வர்?

நூலுக்குப் புறத்தே ஓர் ஒப்பீட்டு ஆவணமும் உண்டு. அச்சகங்களையும் நூற்பதிவையும் குறித்த சட்டம் இயற்றப்பட்டதும் 1867-இல்தான் (அவ்வாண்டின் 25-ஆம் சட்டம்). அச்சட்டத்தின்படி வெளியான காலாண்டு அட்டவணைகளில் நூலின் பெயர், அச்சிட்ட இடம், வெளியான நாள், பக்கம், அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியன இடம்பெற வேண்டியிருந்தது. இவ்வட்டவணைகளை அடியொற்றித் தமிழிலும் ‘தமிழ் நூல் விவர அட்டவணை’ தொகுக்கப்பட்டது. அட்டவணை கூறும் அளவைவிடக் கைப்படி குறுகியிருந்தால் கத்தி பட்டுள்ளது. பக்கம் குறைந்தால் தாள் போயுள்ளது. அட்டவணை விலையும் உறையில் அச்சிட்ட விலையும் வேறுபட்டால் உறை மற்றொரு வெளியீட்டினதாகலாம் என்று ஐயுற வேண்டும். ஆனால் உறையே இல்லாத படியில் இந்த ஒப்பீட்டுக்கு இடமேது? நூற்கட்டு என்ன என்பதைச் சட்டம் கேட்கவில்லை; பார்னெட், போப் ஆகியோரின் 1909-ஆம் ஆண்டுப் பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ்நூற் பட்டியல் முதலிய பழம்பட்டியல்களும் அதனைப் பொருட்படுத்தவில்லை. அக்குறையை நிரப்பக்கூடியவை எஞ்சிய படிகள் மட்டுமே.

பிற்காலக் கட்டின் பெறுமதி

மூலக் கட்டை வேண்டுவோர் மறுதலையான பிழை ஒன்றையும் செய்கின்றனர். பிற்காலக் கட்டை வெறும் மாசு எனக் கருதிக் களைந்துவிட்டு, நூலைப் ‘பழைய நிலைக்கு’ மீட்க முனைகின்றனர். அருட்பா – மருட்பா விவாதத்தை எண்ணினால் இதன் கேடு புலப்படும். ‘திருவருட்பா’ என்னும் பெயரும், ‘திருமுறை’ என்னும் வகுப்பும், ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்னும் அடைமொழியும் எதிர்ப்புக்குள்ளாயின. அதாவது, விவாதம் நூலின் முகப்புப் பக்கத்திலேயே தொடங்கியது. ஆறுமுக நாவலர் தரப்பின் ‘போலியருட்பா மறுப்பு’, அதற்கு எதிருரைகள் எனச் சிறுநூல்கள் பெருகின. கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை பிணக்குச் சென்றது. அடுத்த தலைமுறையில் நா. கதிரைவேற்பிள்ளையும் செய்குதம்பிப் பாவலரும் எதிரெதிர் நின்று அதனைத் தொடர்ந்தனர். இச்சிறுநூல்கள் தனித்தனியே நின்றால் உதிர்ந்துபோகும் அளவின. அவை எஞ்சியிருக்கும் இடங்களில், யாரோ ஒருவர் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவித்ததால் எஞ்சியிருக்க வாய்ப்பு மிகுதி.

அத்தகைய தொகுப்புக் கட்டு ஒன்றில் கண்டனமும் மறுப்பும் மாறிமாறி வருமாயின், அதனைக் கட்டுவித்தவர் இருதரப்பையும் ஒப்பிட்டுப் படித்தவர். கண்டனங்கள் மட்டுமே திரட்டப்பட்டிருப்பின் அவர் ஒரு தரப்பினர். திருவருட்பாவின் பின்னால் மறுப்பு நூல்கள் தைக்கப்பட்டிருப்பின் அப்படி வாதுக்குப் பயன்பட்டதே அன்றிப் பாராயணத்துக்கன்று. இவ்வரிசை எந்த அச்சகத்திலும் உருவானதன்று. வாசகர் ஒருவரின் முடிவு. பட்டியலாளர் அதனைப் பிரித்து ஏழு நூலாக ஏழு எண்ணில் அடுக்கிவிட்டால் ஏழு நூலும் கிடைக்கும், வாசகர் தொலைந்துபோவார். மூலக் கட்டு இல்லை என்பதற்காக இத்தகைய தொகுதியை மதிப்புக் குறைந்ததாகக் கருதுவது வணிக அளவுகோல்; ஆய்வாளர் அதனை இரவல் வாங்க வேண்டியதில்லை.

மதிப்பு என்னும் சொல் பெரும்பாலும் விலை என்றே கேட்கப்படுகிறது. உரிமையாளர் முதலில் வினவுவதும் அதுவே. அவரைக் குறைகூறுவதற்கில்லை. பழந்தமிழ் அச்சுநூல்களுக்கு ஏல வரலாறு போன்ற பொதுவான விலைத்தடம் உருவாகவில்லை. தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் எழுபத்தைந்து ஆண்டு கடந்த கையெழுத்துப் படிகளையும் ஆவணங்களையும் குறிப்பிடுகிறது. அச்சுநூலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனவே விலை என்பது பெரும்பாலும் விற்பவர் வாயும் வாங்குபவர் ஆவலும் சேர்ந்த கணக்கு. அக்கணக்கில் புதுத்தோல் போர்த்துப் பொன்னெழுத்திட்ட படி கிழிந்த காகித உறைப் படியை எளிதில் வென்றுவிடும். ஆய்வுத்துறை ‘முதற்பதிப்பு’ என்று மட்டும் எழுதிச் சான்றளிக்கும்வரை சந்தை அவ்வாறே நடக்கும். 1867 தாள், 1880-க்குப் பிந்திய உடைமையாளர் கட்டு, ஓரம் வெட்டுண்டது, உறை இல்லை என்று நான்கு குறிப்புகள் சேர்ந்தால், உரிமையாளருக்கும் தம்மிடம் உள்ளது எது என விளங்கும்.

காலம் அதிகம் இல்லை. பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட நெல்லிக்குப்பம் பகுதி வெள்ளமும் புயலும் அறிந்த நிலம். 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயலும் 2015-ஆம் ஆண்டு வெள்ளமும் கடலூர் மாவட்டத்தை உலுக்கியவை. நனைந்த நூலைக் காப்பாற்ற விரும்பும் வீட்டார் முதலில் நாடுவது அச்சகத் தெருவின் கட்டுநரை. அவர் தம் தொழில் முறைப்படி பழைய அட்டையைக் களைந்து, தையலறுத்து, ஓரம் வெட்டிச் செம்மையாக்கித் தருகிறார். மின்மயமாக்கலும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. முகப்புப் பக்கம் முதல் இறுதிப் பக்கம் வரை படமெடுத்து, அட்டையையும் முதுகையும் வெற்றுத்தாளையும் விட்டுவிடும் மின்படிகள் பல. மின்படி கிடைத்துவிட்டது என்னும் நிறைவில் கைப்படி பரணுக்குப் போகிறது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய தொகுப்பு, அவர் 1992-இல் மறைந்த பின், 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. தனியொருவர் சேர்த்த நூல்கள் சிதறாமல் ஒருங்கே காக்கப்பட்ட அரிய நிகழ்வு அது. கடலூர் மாவட்டத்துத் திருவருட்பாப் படிகளோ ஒருவரிடம் குவிந்தவை அல்ல. சன்மார்க்க சங்கங்களிலும் வீடுகளிலும் மடங்களிலும் பரவிக் கிடப்பவை. அவற்றை ஓரிடத்தில் சேர்க்க முனைவதைவிட இருந்த இடத்திலேயே விவரித்துப் பதிதல் நடைமுறைக்கு ஏற்றது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் முதுகலை மாணவர் இருவர் ஓர் அளவுகோலும் ஒளிப்படக் கருவியும் கொண்டு நெல்லிக்குப்பத்தில் தொடங்கி வடலூர் வழியே சிதம்பரம் வரை சென்றால், தையல், துளை, ஓரம், உறை, முதுகுத்தாள், வெற்றுத்தாள் எழுத்து ஆகிய ஆறையும் படிக்கு ஒரு பக்கமாக எழுதிவிடலாம். 1867, 1880, 1885 ஆகிய மூன்று ஆண்டுகளின் படிகளே முதலில் போதும். காகித உறையோடு எஞ்சிய 1867-ஆம் ஆண்டுப் படி ஒன்று கண்ணில் பட்டால், அதனை எக்கட்டுநரிடமும் கொடுக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு வருவது அவர்களது முதல் வேலையாகட்டும்.